நவம்பர் 19 யாருக்குச் சொந்தம்?

நவம்பர் 19-ஆம் தேதி காலையில் பெங்களூரு வாட்ஸ்அப் குழுக்களில் ஆண்டுதோறும் ஒரே நகைச்சுவை வலம்வருகிறது. அன்று சர்வதேச ஆண்கள் தினம். அன்றே உலகக் கழிப்பறை தினமும். இரண்டையும் அருகருகே ஒட்டி ஒரு படம், அதன் கீழே நான்கு சிரிப்புப் பொம்மைகள். மதியத்துக்குள் அது ஒயிட்ஃபீல்டிலிருந்து கெங்கேரி வரை போய்ச் சேர்ந்துவிடும். ஆண்களைக் கேலி செய்வதற்கென்றே யாரோ திட்டமிட்டு இப்படி வைத்தார்கள் என்று நம்புகிறவர்களும் உண்டு. உண்மையில் இரண்டு தினங்களும் உலகின் இரண்டு மூலைகளில், ஒன்றைப் பற்றி ஒன்று நினைத்துப் பார்க்காமலேயே பிறந்தவை.

ஆண்கள் தினம் டிரினிடாட் தீவிலிருந்து வந்தது. மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தின் வரலாற்று விரிவுரையாளர் ஜெரோம் டீலக்சிங் 1999-இல் அதைத் தொடங்கினார். அந்தத் தேதி அவருடைய தந்தையின் பிறந்தநாள். 1989-இல் அதே தேதியில் உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் தங்கள் நாட்டுக் கால்பந்து அணி ஆடியபோது நாடே ஒன்றுதிரண்டது என்பதையும் அவர் ஒரு காரணமாகச் சொன்னார். அந்த ஆட்டத்தில் அவர்கள் தோற்றார்கள் என்பது வேறு விஷயம். கழிப்பறை தினம் சிங்கப்பூர்ச் சரக்கு. கட்டுமானத் தொழிலில் பணம் சேர்த்த ஜாக் சிம் என்பவர் 2001 நவம்பர் 19 அன்று உலகக் கழிப்பறை அமைப்பை நிறுவினார். அந்த அமைப்பின் பிறந்தநாளே பிறகு உலகத்துக்கான தினமாயிற்று. 2013 ஜூலையில் சிங்கப்பூர் கொண்டுவந்த தீர்மானத்தை ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்டது. ஆண்கள் தினம் ஐ.நா.வின் பட்டியலில் இல்லை. அதாவது வாட்ஸ்அப் படத்தில் இருக்கும் இரண்டில், 193 நாடுகளின் சபை முத்திரையிட்டது கழிப்பறைக்குத்தான்.

இந்தியக் கணக்கில் நவம்பர் 19-க்கு இன்னும் மூத்த உரிமையாளர்கள் இருக்கிறார்கள். 1828-இல் பிறந்த ஜான்சி ராணி லட்சுமிபாய்க்கும் 1917-இல் பிறந்த இந்திரா காந்திக்கும் பிறந்தநாள் அதுவே. இந்திரா பிறந்தநாள் என்பதால் அது தேசிய ஒருமைப்பாட்டு தினமாகவும் அனுசரிக்கப்படுகிறது. அரசு அலுவலகத்தில் வேலை செய்யும் ஒருவர் காலையில் ஒருமைப்பாட்டு உறுதிமொழி எடுத்துவிட்டு, பகலில் ஆண்கள் தின வாழ்த்து பெற்று, மாலையில் கழிப்பறைத் துப்புரவு பற்றிய உரை ஒன்றையும் கேட்டுவிட்டு வீடு திரும்பலாம்.

இப்படித் தேதிகள் முட்டிக்கொள்வதில் ஒரு பங்கு வெறும் கணக்கு. ஓர் அறையில் 23 பேர் இருந்தால் போதும், அவர்களில் எவராவது இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருப்பதற்கான வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடும். கணிதம் படித்தவர்களுக்கு இது பழைய செய்தி. மற்றவர்கள் தங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் சோதித்துப் பார்க்கலாம். ஐ.நா.வின் பட்டியலில் மட்டுமே 200-க்கும் மேற்பட்ட தினங்கள் இருக்கின்றன. அதற்கு மேல் ஒவ்வொரு நாடும், ஒவ்வொரு மாநிலமும், தொழிற்சங்கங்களும், நிறுவனங்களும், வேலையற்ற இரண்டு நண்பர்களும் அறிவித்தவை. ஆண்டுக்கு 365 நாள்தான். மோதாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆனால் கணக்கு மட்டும் காரணமாக இருந்தால் தினங்கள் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய சீராகப் பரவியிருக்க வேண்டும். அப்படி இல்லை. சில தேதிகளில் கூட்டம் நெரிகிறது, சில தேதிகள் காற்றாடுகின்றன. ஏன் என்று தெரிய, ஒரு தினம் எப்படி உருவாகிறது என்று பார்க்க வேண்டும்.

ஐ.நா. வழி மிகவும் சம்பிரதாயமானது. ஒரு நாடு வரைவுத் தீர்மானம் கொண்டுவரும். வேறு நாடுகள் துணைநிற்கும். பெரும்பாலும் வாக்கெடுப்பே இல்லாமல் அது நிறைவேறும். இந்தத் தினத்துக்கான செலவுகள் தன்னார்வ நிதியிலிருந்தே ஆக வேண்டும் என்று தீர்மானத்தில் ஒரு வரி வழக்கமாக இடம்பெறும். கைக்காசு போகாத ஒன்றை எதிர்த்துப் பக்கத்து நாட்டின் மனக்கசப்பைச் சம்பாதிக்க எந்தத் தூதருக்கும் மனம் வராது. 2025 மார்ச்சில் சர்வதேச நம்பிக்கை தினம் என்ற தீர்மானத்துக்கு எதிராக அமெரிக்கா வாக்களித்தது செய்தியானதே, அப்படி யாரும் வழக்கமாகச் செய்வதில்லை என்பதால்தான். யோகா தினம் இந்த வழியின் வெற்றிக்கதை. 2014 செப்டம்பர் 27 அன்று பிரதமர் மோடி பொதுச்சபையில் யோசனையைச் சொன்னார். டிசம்பர் 11 அன்று, 177 நாடுகளின் துணைமொழிவுடன், தீர்மானம் நிறைவேறிவிட்டது. மூன்று மாதம்கூட ஆகவில்லை.

இன்னொரு கோடியில் தனியார் கடை இருக்கிறது. அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் மார்லோ ஆண்டர்சன் என்பவர் 2013-இல் பாப்கார்னுக்கு எந்த நாள் என்று தேடப்போய், தினங்களைத் தொகுக்கும் இணையதளம் ஒன்றையே தொடங்கினார். இன்று நிறுவனங்கள் கட்டணம் செலுத்தித் தங்களுக்கென்று ஒரு 'தேசிய தினம்' பதிந்துகொள்ளலாம். இதில் அமெரிக்க அரசாங்கத்துக்கு எந்தப் பங்கும் கிடையாது. ஒருகாலத்தில் அந்நாட்டு நாடாளுமன்றமே இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. நேரமெல்லாம் இதற்கே போகிறது என்று 1995-இல் கீழவை அத்தகைய தீர்மானங்களுக்குத் தடைபோட்டது. நம் ஊர் பண்பலை வானொலியில் காலை ஏழு மணிக்கு உற்சாகமாக வாசிக்கப்படும் 'இன்று தேசிய டோனட் தினம்' வகையறா பெரும்பாலும் அந்த நாட்டுச் சரக்கு. கோரமங்கலாவின் பேக்கரிகள் அதை நம்பித் தள்ளுபடி அறிவிக்கின்றன. வியாபாரத்துக்கு நல்லதுதான், தேசத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இந்த இரண்டுக்கும் நடுவே தனிமனிதர்களின் விளையாட்டு. செப்டம்பர் 19 அன்று கடற்கொள்ளையர்களைப் போலப் பேசும் தினம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜான் பவர், மார்க் சம்மர்ஸ் என்ற இரண்டு நண்பர்கள் 1995 ஜூன் 6 அன்று ராக்கெட்பால் ஆடிக்கொண்டிருந்தபோது உதித்த யோசனை அது. ஆனால் ஜூன் 6, 1944-இல் நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கரையில் இறங்கிய நாள். ஆயிரக்கணக்கானோர் மாண்ட நாளில் கோமாளித்தனம் கூடாது என்று அவர்களுக்கே தோன்றியது. சம்மர்ஸின் முன்னாள் மனைவியின் பிறந்தநாளான செப்டம்பர் 19-க்கு நகர்ந்துகொண்டார்கள். அது எளிதாக நினைவில் நிற்கும் என்பதுதான் காரணம். ஒரு தேதியில் ஏற்கெனவே யார் குடியிருக்கிறார்கள் என்று கவனித்து விலகிப்போன இந்த நாகரிகம், பெரிய அமைப்புகளிடம்கூட எப்போதும் காணக் கிடைப்பதில்லை.

ஜூலை 17-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1998-இல் அன்றுதான் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு அடித்தளமான ரோம் சாசனம் ஏற்கப்பட்டது. இனப்படுகொலையையும் போர்க்குற்றங்களையும் விசாரிக்கும் நீதிமன்றம். அதனால் அது சர்வதேச நீதி தினம். அதே ஜூலை 17 உலக எமோஜி தினமும்கூட. ஜெரமி பர்ஜ் என்பவர் 2014-இல் அதைத் தொடங்கினார். காரணம், ஆப்பிள் கைப்பேசியின் நாள்காட்டி எமோஜியில் அச்சாகியிருக்கும் தேதி ஜூலை 17. அந்தத் தேதி அங்கே வந்ததற்குக் காரணம், 2002-இல் அதே நாளில் ஆப்பிள் தன் நாள்காட்டிச் செயலியை அறிவித்தது. ஒரு நிறுவனத்தின் விளம்பர நாள் படமாகி, படம் உலக தினமாகி, இப்போது இனப்படுகொலை வழக்குகளின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு தரப்பும் ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை.

தமிழ் வீடுகளுக்கு அந்த நாள் வேறொன்று. ஆடி முதல் தேதி பெரும்பாலும் ஜூலை 17-ஐ ஒட்டியே வரும். சேலம், நாமக்கல், ஈரோடு பக்கத்திலிருந்து பெங்களூரு வந்து குடியேறிய குடும்பங்களுக்கு அது தேங்காய் சுடும் பண்டிகை. தேங்காயின் கண்ணைத் துளைத்து, பாசிப்பயறு, வெல்லம், எள், அவல் அடைத்து, அழிஞ்சில் குச்சியில் செருகி நெருப்பில் வாட்டுவார்கள். பத்தாவது மாடியில் நெருப்பு மூட்ட முடியாதவர்கள் ஊருக்குப் பஸ் ஏறிவிடுகிறார்கள். எமோஜியும் நீதியும் அவர்களுக்குத் தெரியாமலே அந்த நாளில் கூடவே போகின்றன.

கூட்டம் நெரியும் தேதிகளுக்கு வருவோம். அவற்றில் பலவற்றுக்குக் காரணம் வானம். பகலும் இரவும் சமமாகும் மார்ச் 20, 21. வட கோளத்தில் பகல் மிக நீண்ட ஜூன் 21. கண்ணுக்குத் தெரியும் நியாயம் இந்தத் தேதிகளில் இருப்பதால் ஒன்றும் தெரியாத குழுகூட இவற்றைத் தேர்ந்தெடுக்கும். ஜூன் 21-இல் யோகா இருக்கிறது. பிரான்ஸ் 1982-இல் தொடங்கிய இசைத் திருவிழா உலக இசை தினமாக இருக்கிறது. கதிர்த்திருப்பத்தைக் கொண்டாடுவதற்கென்றே ஐ.நா. 2019-இல் அறிவித்த தினமும் அதுவே. மிக நீண்ட கழுத்துள்ள விலங்குக்கு மிக நீண்ட நாள் என்ற தர்க்கத்தில் 2014 முதல் ஒட்டகச்சிவிங்கி தினமும் அன்றுதான். தென்கோளத்தில் அது மிக நீண்ட இரவு என்பதால் ஒட்டகச்சிவிங்கிக்காரர்கள் அதையும் சேர்த்தே சொல்லிச் சமாளித்துவிட்டார்கள். இந்தக் கூட்டத்தில் வானத்தோடு உறவில்லாதது கடல்வரைவியல் தினம் மட்டும். கடலாழங்களை அளந்து வரைபடமாக்கும் சர்வதேச அமைப்பு 1921-இல் அந்தத் தேதியில் தொடங்கப்பட்டது. யோகாவுக்கு முன்பே ஐ.நா. பட்டியலில் இடம்பிடித்தும், அதைப் பற்றி எந்தப் பூங்காவிலும் பாய் விரிக்கப்படுவதில்லை.

மார்ச் 21-இன் நெரிசல் இன்னும் கனமானது. 1960-இல் தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில்லில், கறுப்பின மக்கள் கையில் எப்போதும் வைத்திருக்க வேண்டியிருந்த அனுமதிச் சீட்டுச் சட்டத்தை எதிர்த்துத் திரண்டவர்களைக் காவல்துறை சுட்டது. 69 பேர் இறந்தார்கள். ஐ.நா. அந்தத் தேதியை இனப்பாகுபாடு ஒழிப்பு தினமாக 1966-இல் அறிவித்தது. பிறகு யுனெஸ்கோ 1999-இல் அதே நாளை உலகக் கவிதை தினமாக்கியது. பாரசீகப் புத்தாண்டான நவ்ரூஸ் 2010-இல் ஐ.நா. பட்டியலில் சேர்ந்தது. 2011-இல் டவுன் நோய்க்குறி தினம், 2012-இல் காடுகள் தினம், 2025 முதல் பனிப்பாறைகள் தினம். இவற்றில் டவுன் நோய்க்குறி தினத்தின் தேர்வை மெச்ச வேண்டும். 21-ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று பிரதிகளாக இருப்பதுதான் அந்த நிலை. 21-ஆம் தேதி, 3-ஆம் மாதம். நாளை முன்னால் எழுதினாலும் மாதத்தை முன்னால் எழுதினாலும் பொருள் மாறாது. மற்றவற்றில் ஒருசிலவாவது வேறு நாளுக்குப் போயிருக்கலாம். ஷார்ப்வில்லின் 69 பேருக்கு அந்த ஒரு தேதிதான் உண்டு. காட்டுக்கும் கவிதைக்கும் ஆண்டில் எந்த நாளும் பொருந்தும்.

எண் விளையாட்டில் பிறந்த தினங்களில் நமக்கு ஒரு வசதிக்குறைவு உண்டு. கணிதத்தின் பை எண்ணுக்கான தினம் மார்ச் 14. அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவதால் 3.14. சான் பிரான்சிஸ்கோ அறிவியல் அருங்காட்சியகம் ஒன்றில் லாரி ஷா என்ற இயற்பியலாளர் 1988-இல் தொடங்கியதை, யுனெஸ்கோ பின்னர் சர்வதேசக் கணித தினமாக உயர்த்தியது. நாளை முதலில் எழுதும் நாம் ஜூலை 22-ஐத்தான் கொண்டாட வேண்டும். பள்ளியில் வட்டத்தின் சுற்றளவு கண்டுபிடித்த எவருக்கும் 22/7 மறந்திருக்காது. அந்தத் தேதியிலும் துணைக்கு ஆள் உண்டு. 1947 ஜூலை 22 அன்றுதான் அரசியல் நிர்ணய சபை மூவர்ணக் கொடியை ஏற்றது. உலக நரம்பியல் கூட்டமைப்பு 1957-இல் அதே தேதியில் தொடங்கியதால் அது உலக மூளை தினமும்கூட.

பெங்களூருவுக்கும் நமக்கும் பொதுவான சர் சி.வி. ராமனின் நாள் இந்த வரிசையில் எனக்குப் பிடித்தது. திருச்சியில் பிறந்து, கல்கத்தாவில் கண்டுபிடித்து, பெங்களூருவில் இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இந்திய இயக்குநராகி, இங்கேயே மறைந்தவர். ராமன் விளைவு 1928 பிப்ரவரி 28 அன்று கண்டறியப்பட்டது என்பதால் அது 1987 முதல் தேசிய அறிவியல் தினம். ஐரோப்பாவில் அரிய நோய்களுக்கான தினத்தைத் தொடங்கியவர்கள், அரிதான நோய்க்கு அரிதான தேதி வேண்டும் என்று 2008 பிப்ரவரி 29-ஐத் தேர்ந்தெடுத்தார்கள். லீப் இல்லாத ஆண்டுகளில் அது பிப்ரவரி மாதத்தின் கடைசி நாளுக்கு வந்துவிடும். ஆகவே நான்கு ஆண்டுகளுக்கு மூன்று முறை ராமனும் அரிய நோய்களும் ஒரே நாளில், நான்காவது ஆண்டில் தனித்தனியே. 2028-இல் பிரிவார்கள். ஆய்வகங்கள் நிறைந்த இந்த ஊரில் இரண்டையும் சேர்த்து ஒரு கூட்டம் நடத்த எல்லாப் பொருத்தமும் இருக்கிறது.

சாப்பாட்டு தினங்களை விரைவாகக் கடந்துவிடலாம். அக்டோபர் 1 சர்வதேசக் காபி தினம். காபி வணிகத்தின் கணக்காண்டு அன்று தொடங்குகிறது. காபி வாரியத்தின் தலைமையகம் இருக்கும் நகரத்தில் அதற்குத் தனி மரியாதை உண்டு. அன்றே முதியோர் தினமும் சைவ உணவு தினமும், இந்தியாவில் தன்னார்வ ரத்த தான தினமும். மார்ச் 30 உலக இட்லி தினம். சென்னையைச் சேர்ந்த இட்லிக்காரர் இனியவன் 2015-இல் தொடங்கியது. 2023 முதல் ஐ.நா.வின் கழிவில்லா தினமும் அதே தேதிக்கு வந்து சேர்ந்தது. வாழையிலையில் வைத்த இட்லிக்கு இதைவிட நல்ல பக்கத்து வீடு வாய்க்காது. பிளாஸ்டிக் தாள் விரித்து இட்லி வேகவைக்கும் உணவகங்களின் மீது கர்நாடக அரசு 2025-இல் நடவடிக்கை எடுத்த பிறகு இந்த ஜோடி இன்னும் பொருத்தமாகிவிட்டது.

இத்தனை மோதல்களையும் தீர்க்க ஓர் அமைப்புகூட இல்லையா என்றால், இந்தத் தினங்களுக்கு இல்லை. ஆனால் தேதி மோதல் மனிதர்களுக்குப் புதிய சிக்கல் அல்ல. பஞ்சாங்கக்காரர்கள் இதை எப்போதோ யோசித்துவிட்டார்கள். சிவகாசியில் அச்சாகி அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் வீடுகளின் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் ஒரு தாளைக் கிழித்துப் பாருங்கள். திதி, நட்சத்திரம், யோகம், ராகுகாலம், விரதம் என்று எத்தனையோ விஷயங்கள் ஒரே நாளில் நெருக்கிக்கொண்டு நிற்கும். திதி என்பது சூரிய உதயத்தில் தொடங்கி உதயத்தில் முடிவதில்லை. நடுப்பகலில் மாறும், நள்ளிரவில் மாறும். ஒரு திதி இரண்டு நாட்களில் நீளும்போது எந்த நாளில் விரதம் என்ற கேள்விக்குத் தெளிவான விதிகள் உண்டு. பிரதோஷத்துக்கு மாலையில் திரயோதசி இருக்க வேண்டும். சிவராத்திரிக்கு நள்ளிரவில் சதுர்த்தசி இருக்க வேண்டும். பிறந்த நட்சத்திரம் ஒரே தமிழ் மாதத்தில் இருமுறை வந்தால் பிந்தையதை எடுத்துக்கொள்வது பரவலான வழக்கம். விதிகளில் கருத்து வேறுபட்டால் அதற்கும் வழி இருக்கிறது: அஷ்டமி திதியைப் பார்ப்பவர்கள் ஒரு நாளும் ரோகிணி நட்சத்திரத்தைப் பார்ப்பவர்கள் இன்னொரு நாளும் கண்ணன் பிறப்பைக் கொண்டாடுகிறார்கள். சீடை இருமுறை கிடைக்கும் என்பதால் குழந்தைகள் இதுவரை ஆட்சேபித்ததில்லை.

கத்தோலிக்கத் திருச்சபையிலும் இப்படி ஒரு வரிசை உண்டு. பெருவிழா, விழா, நினைவு என்று தரம் பிரித்து, இரண்டு மோதினால் எது நகர வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மங்கள வார்த்தைத் திருநாள் மார்ச் 25. 2024-இல் அது புனித வாரத்தின் திங்கட்கிழமையில் விழுந்ததால் ஏப்ரல் 8-க்குத் தள்ளிவைக்கப்பட்டது. உலக தினங்களுக்கு இந்தத் தரவரிசை கிடையாது. செப்டம்பர் 8 அன்று சிவாஜிநகர் புனித மரியன்னை பேராலயத்தில் தேர்ப்பவனி நடக்கும். காவி உடுத்திய தமிழ்ப் பக்தர்கள் தெருவை நிறைத்துவிடுவார்கள். அன்று யுனெஸ்கோவின் எழுத்தறிவு தினம் என்பதும், 1996 முதல் உலக இயன்முறை மருத்துவ தினம் என்பதும் யாருக்கும் தெரிந்திருக்காது. இதே விழாவுக்காக வேளாங்கண்ணிக்கு நடந்தே போய்ச் சேர்ந்தவர்களின் முழங்காலுக்கு மட்டும் இரண்டாவது தகவல் பயன்படலாம்.

விதி இல்லாவிட்டாலும் எப்போதாவது ஒரு தினம் நகர்ந்து வழிவிடும். உலக சிக்கன நாள் 1924-இல் மிலான் நகரில் கூடிய சேமிப்பு வங்கிகளின் மாநாட்டிலிருந்து வந்தது; தேதி அக்டோபர் 31. இந்தியாவில் மட்டும் அது அக்டோபர் 30. 1984-இல் இந்திரா காந்தி கொல்லப்பட்ட நாள் 31 என்பதால் ஒருநாள் முன்னே வந்தது. பள்ளியில் சிறுசேமிப்புக் கட்டுரைப் போட்டிக்கு எழுதியவர்களில் இதை அறிந்தவர்கள் குறைவாகவே இருப்பார்கள். நகர்ந்து வழிவிடுவதற்கு நேர்மாறானதும் அதே தேதியில் நடந்தது. படேலின் பிறந்தநாளும் அக்டோபர் 31 என்பதால் 2014 முதல் மத்திய அரசு அதைத் தேசிய ஒற்றுமை தினமாக அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பர் 25-ஐ, வாஜ்பாயின் பிறந்தநாள் என்று, நல்லாட்சி தினமாக்கியது. இரண்டிலும் பிறந்தநாள் உண்மையான பிறந்தநாள்தான். ஆனால் அறிவிப்புக்குப் பிறகு அந்த நாளின் அரசு விழா யாருடைய பெயரில் நடக்கிறது என்பது மாறிவிடுகிறது. ஒட்டகச்சிவிங்கியும் இசையும் ஒரு தேதியில் இருந்தால் வேடிக்கை. இரண்டு தலைவர்கள் இருந்தால் அரசியல்.

பெங்களூருத் தமிழர்களுக்கு இது அன்றாட அனுபவம். அவர்கள் இரண்டு மாநிலங்களின் நாள்காட்டிக்குள் வாழ்கிறார்கள். செப்டம்பர் 15 வந்தால் கர்நாடகம் விஸ்வேஸ்வரய்யாவைக் கொண்டாடும். நாடு முழுவதும் அது பொறியாளர் தினம். ஓசூர் தாண்டினால் அதே நாள் அறிஞர் அண்ணாவின் பிறந்தநாள். தமிழக அரசு 2022-இல் காலை உணவுத் திட்டத்தையும் 2023-இல் மகளிர் உரிமைத் தொகையையும் அந்தத் தேதி பார்த்தே தொடங்கியது. ஐ.நா.வுக்கு அது ஜனநாயக தினம். விஸ்வேஸ்வரய்யா என்றால் கிருஷ்ணராஜ சாகர், அது என்றால் காவிரி. அந்தப் பேச்சை இந்தக் கட்டுரையில் எடுக்க எனக்கு உத்தேசமில்லை.

இரண்டு நாள் கழித்து செப்டம்பர் 17. ஒரு தேதிக்கு இத்தனை பெயரா என்று மலைக்க வைக்கும் நாள். 1948-இல் ஐதராபாத் நிஜாமின் ஆட்சி முடிவுக்கு வந்தது அன்றுதான். நிஜாமின் கீழிருந்த பீதர், கலபுரகி, ராய்ச்சூர் பகுதிக்கு அது கல்யாண கர்நாடக உற்சவ தினம். மராட்டியத்துக்கு மராத்வாடா விடுதலை தினம். தெலங்கானாவில் 2022-இல் அன்றைய மாநில அரசு தேசிய ஒருமைப்பாட்டு தினம் என்றது, மத்திய அரசு ஐதராபாத் விடுதலை தினம் என்றது, 2024-இல் அடுத்து வந்த மாநில அரசு மக்களாட்சி தினம் என்றது. நடந்த சம்பவம் ஒன்று, அதை எப்படி நினைப்பது என்பதில்தான் சண்டை. தமிழ்நாட்டில் அதே நாள் பெரியாரின் பிறந்தநாள், 2021 முதல் சமூகநீதி நாள். தி.மு.க. 1949-இல் தொடங்கப்பட்டதும் அன்றுதான்; அது தற்செயல் அல்ல. பீன்யா தொழிற்பேட்டையில் வேலை செய்யும் வடநாட்டுத் தொழிலாளர்களுக்கு அது பெரும்பாலும் விஸ்வகர்மா பூஜை. உலகச் சுகாதார அமைப்பு 2019-இல் அதே தேதியை நோயாளர் பாதுகாப்பு தினமாக்கியபோது இதையெல்லாம் ஜெனிவாவில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

எல்லாவற்றிலும் பெரியது நவம்பர் 1. மொழிவழி மாநிலங்கள் 1956-இல் அன்று நடைமுறைக்கு வந்தன. கர்நாடக ராஜ்யோத்சவம், கேரளப் பிறவி, அன்றைய ஆந்திரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம் எல்லாம் ஒரே சட்டத்தின் பிள்ளைகள். 1966-இல் அரியானாவும் இன்றைய பஞ்சாபும், 2000-இல் சத்தீஸ்கரும் அதே தேதியைப் பிடித்துக்கொண்டன. மைசூர் மாநிலம் கர்நாடகம் என்று பெயர் மாறியது 1973 நவம்பர் 1. பேங்களூர் அதிகாரபூர்வமாக பெங்களூரு ஆனது 2014 நவம்பர் 1. கத்தோலிக்கர்களுக்குப் புனிதர் அனைவர் பெருவிழா. பிரிட்டனின் வீகன் சங்கம் 1994-இல் தன் பொன்விழாவை ஒட்டித் தொடங்கிய வீகன் தினமும் அன்றே. பெங்களூருவில் அன்று ஆட்டோக்களில் சிவப்பு மஞ்சள் கொடி பறக்கும், தெருமுனைக்குத் தெருமுனை புவனேஸ்வரி தேவி படத்துக்கு மாலை விழும், அலுவலகங்களுக்கு விடுமுறை. எந்தத் தினத்துக்கு உயிர் இருக்கிறது என்று அறிய வேறு அளவுகோல் தேவையில்லை: தெருவில் ஒலிபெருக்கி கட்டுகிறார்களா, சம்பளத்தோடு விடுப்பு தருகிறார்களா என்று பார்த்தால் போதும். வீகன் தினத்துக்கு இரண்டும் இல்லை.

தமிழ்நாட்டுக்கு அதே நவம்பர் 1 கலப்பான நாள். அன்று கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையும் வந்து சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. கோவை மாவட்டத்திலிருந்த கொள்ளேகால் மைசூரோடு போயிற்று. 2019-இல் அ.தி.மு.க. அரசு நவம்பர் 1-ஐத் தமிழ்நாடு நாளாக அறிவித்தது. 2021-இல் தி.மு.க. அரசு அதை ஜூலை 18-க்கு மாற்றியது. 1967-இல் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டும் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறிய நாள் அது. எல்லைப் போராட்டத்தை நினைப்பவர்கள் பழைய தேதியையே விரும்புகிறார்கள், பெயர் கிடைத்ததை நினைப்பவர்கள் புதிய தேதியை. பெங்களூருவில் இருப்பவருக்கு இந்த மாற்றத்தால் ஒரு சங்கடம் தீர்ந்தது. ஒரே நாளில் இரண்டு மாநிலங்களுக்கு வாழ்த்து அனுப்பி, எதை முதலில் அனுப்பினோம் என்று பக்கத்து வீட்டுக்காரர் கவனித்தாரா என்று யோசிக்க வேண்டியதில்லை.

ஆனால் ஜூலை 18-ம் காலியிடமாக இருக்கவில்லை. 1918-இல் அன்று பிறந்த நெல்சன் மண்டேலாவுக்காக ஐ.நா. 2009-இல் அதை அறிவித்துவிட்டது. அவர் பொதுவாழ்வில் இருந்தது 67 ஆண்டுகள் என்ற கணக்கில், அன்று ஒவ்வொருவரும் 67 நிமிடம் பிறருக்காக உழைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறார்கள். தீர்மானம் நிறைவேறியதும் '67-இல்தான். இந்த இரண்டு 67-களையும் ஒட்டி, கீழே நான்கு பொம்மைகள் வைத்து ஒரு படம் இன்னும் என் கைப்பேசிக்கு வந்து சேரவில்லை.